என்5சி கபூஸ்: வண்டியை நம்புவதா, தாளை நம்புவதா?

அமெரிக்கச் சரக்கு ரயில்களின் வாலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய ஆள்வண்டிதான் கபூஸ். நம்மூர்க் கார்டு வண்டிக்கு உறவு என்று சொல்லலாம். ஆனால் அதில் கரி அடுப்பு உண்டு, படுக்கை உண்டு, கண்டக்டர் உட்கார்ந்து கணக்கெழுத மேசை உண்டு, கூரைக்கு மேலே தலைநீட்டும் ஒரு கண்காணிப்புக் கூண்டும் உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் அப்படிப்பட்ட ஒரு வண்டியை 1:48 அளவில் மாதிரியாகச் செய்வதற்காக நான் செய்த ஆராய்ச்சியை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் வண்டி எண்ணையும் சொல்லப்போவதில்லை. அருங்காட்சியகத்தினர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள், காரணம் போகப்போகத் தெரியும்.

வகையைச் சொல்வதில் தடையில்லை. அது பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற ரயில் கம்பெனியின் என்5சி (N5c) வகை. 1942-ல் அந்தக் கம்பெனியின் ஆல்டூனா பணிமனையிலேயே கட்டப்பட்டது. மொத்தம் 200 வண்டிகள், 477820 முதல் 478019 வரை எண்கள். பக்கச் சுவரில் கப்பலில் இருப்பதுபோல வட்ட ஜன்னல்கள் இருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். வெறும் 200 வண்டிகள் இவ்வளவு பேருக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் ரயில்ரோடு இல்லை, பொம்மைக் கம்பெனி. லயனல் 1953-ல் 6417 என்ற பட்டியல் எண்ணில் இந்த வண்டியின் பொம்மையை வெளியிட்டது. பொம்மையின் பக்கத்தில் 536417 என்று எழுதியிருக்கும். அது ரயில்ரோடின் எண்ணே அல்ல. பட்டியல் எண்ணுக்கு முன்னால் 53 சேர்த்தது, அவ்வளவுதான்.

எச்.ஓ. (HO, 1:87), என் (N, 1:160) என்ற சிறிய மாதிரி அளவுகளில் பவ்சர் கம்பெனி என்5சி மாதிரிகளைத் தயாரித்திருக்கிறது. அப்படியிருக்க எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்பார்கள். கடையில் கிடைப்பது அந்த வகையின் மாதிரி. எனக்கு வேண்டியது அந்த 200-ல் ஒன்று, அதுவும் அதன் வாழ்வில் ஏதாவது ஒரு வருடத்தில் அது இருந்தபடி. எந்த வருடம் என்பதுதான் இந்த ஆய்வு முழுவதும் என்னைத் துரத்திய கேள்வி.

மூன்று முதலாளிகள்

1942-ல் பிறந்த வண்டி 1968 பிப்ரவரி 1 வரை பென்சில்வேனியா ரயில்ரோடுக்குச் சொந்தம். அன்று அந்தக் கம்பெனி தன் பரம எதிரியான நியூயார்க் சென்ட்ரலோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. இரண்டே வருடத்தில், 1970 ஜூனில், பென் சென்ட்ரல் திவாலானது. 1976 ஏப்ரல் 1-ல் அரசு ஏற்பாட்டில் கான்ரெயில் பிறந்து அதன் ரயில் தொழிலின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு நிறம், ஒரு சின்னம், ஓர் எண் வரிசை. பழைய ஆறு இலக்க எண்கள் பிற்காலத்தில் ஐந்து இலக்கமாக மாறின. என் (N) என்ற வகை எழுத்து மட்டும் மூன்று பேரிடமும் பிழைத்தது.

பிறகு 1982. ரயில் தொழிலாளர் சங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் கபூஸ் இல்லாமல் சரக்கு ரயில்கள் ஓட வழிவிட்டது. கடைசி வண்டியின் கப்ளரில் (வண்டிகளை இணைக்கும் கொக்கியில்) மாட்டும் ஒரு சிறு பெட்டி பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை ரேடியோவில் எஞ்சினுக்குச் சொல்லும், சிவப்பு விளக்கையும் சிமிட்டும். கூண்டில் ஆள் உட்கார்ந்து அச்சுப் பெட்டி சூடாகிப் புகைகிறதா என்று பார்க்கும் வேலையைப் பாதையோரத்து உணர்கருவிகள் ஏற்றுக்கொண்டன. ஆயிரக்கணக்கான கபூஸ்கள் வேலையிழந்து ஊர்ப் பூங்காக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் தனியார் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. என் வண்டியும் அப்படி வந்ததுதான்.

ஆகவே பாதுகாக்கப்பட்ட கபூஸ் எதுவும் அதன் இளமையைக் காட்டாது. கடைசி முதலாளி விட்டுவிட்டுப் போன நிலையும், அதன்மேல் மீட்டெடுத்தவர்களின் ரசனையும் சேர்ந்த ஒரு கலவைதான் நம் கண்ணுக்குத் தெரிவது. இதன் எல்லைக்கு ஓர் உதாரணம் பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்தில் இருக்கிறது. 1970-ல் 19 பழைய பென்சில்வேனியா கபூஸ்களை வாங்கி வரிசையாக நிறுத்தி மோட்டல் அறைகளாக மாற்றினார்கள். ரெட் கபூஸ் மோட்டல் என்று இன்றும் பிரபலம். குழந்தைகளோடு போய்த் தங்க அருமையான இடம். அளவெடுக்கப் போனால் வெளியுடலையும் சட்டத்தையும் தாண்டி நம்ப அதிகம் இருக்காது.

இதை முன்னிட்டு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மாற்றுவதற்குக் கடினமானதை வண்டியிடம் கேட்க வேண்டும்: சட்டம், உடலின் நீள அகலம், கூண்டின் வளைவு, ஜன்னல் துளைகளின் இடம். மாற்ற எளிதானதை வண்டியிடம் கேட்கக் கூடாது: நிறம், எழுத்து, கண்ணாடி, கூரைமேல் உள்ள சாமான்கள், அடுப்பு. அந்த இரண்டாம் பட்டியலுக்குத் தாளும் போட்டோவும்தான் சாட்சி.

அளவு

அளவெடுப்பதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் உயரம். தண்டவாளத்திலிருந்து கூரை வரை டேப் பிடித்தால் ஓர் எண் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நாற்பது வருடம் ஓடிய சக்கரம் தேய்ந்திருக்கும். இலை வில்கள் (ஸ்பிரிங்) களைத்துத் தாழ்ந்திருக்கும். அருங்காட்சியகத் தண்டவாளம் மண்ணில் அமிழ்ந்திருக்கும், அதுவும் ஒரு பக்கம் கூடுதலாக. இந்த மூன்றும் சேர்ந்தால் ஓரிரு அங்குலம் எங்கே போனது என்றே தெரியாது. 1:48-ல் ஓர் அங்குலம் என்பது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கண்ணுக்குத் தெரியும்.

அதனால் எல்லா உயரத்தையும் அடிச்சட்டத்தின் கீழ்விளிம்பிலிருந்து எடுத்தேன். சட்டம் தண்டவாளத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை வரைபடமும் விதியும் சொல்லும். அமெரிக்கச் சரக்கு வண்டிகளின் கப்ளர் நடுக்கோடு தண்டவாள மேல்மட்டத்திலிருந்து 31½ முதல் 34½ அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். புதிய வண்டி மேல் வரம்பில் நிற்கும். மாதிரியில் அது 18.3 மி.மீ. சக்கரம் 33 அங்குலம், அதாவது 17.5 மி.மீ. இந்த இரண்டும் நிலைத்த எண்கள் என்பதால் பழைய போட்டோக்களை அளக்கவும் இவற்றையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

நீளவாக்கில் அளக்கும்போது ஒரு முனையில் டேப்பை மாட்டிவிட்டு அங்கிருந்தே எல்லாவற்றையும் படித்தேன்: முதல் ஜன்னலின் நடு, இரண்டாம் ஜன்னலின் நடு, கூண்டின் தொடக்கம் என்று. ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து கடைசியில் வண்டி நீண்டுவிடும். இன்னொன்று: மெட்ரிக் டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன். 1942-ல் வரைந்தவர் அடி, அங்குலத்தில்தான் யோசித்தார். நாமும் அதிலேயே அளந்தால் வரைபடத்தில் அவர் மனதில் இருந்த முழு எண் நம் கையில் அகப்படும். 29 மி.மீ. என்று படித்தால் அது வெறும் எண். 1⅛ அங்குலம் என்று படித்தால் அது ஒரு வடிவமைப்பாளரின் முடிவு.

கூண்டின் வளைவுகளுக்கு டேப் உதவவில்லை. செல்போனில் நூற்றுக்கணக்கான படம் எடுத்து முப்பரிமாண உருவாக மாற்றும் முறையைப் பயன்படுத்தினேன். மேகமூட்டமான நாள் வேண்டும், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும், அளவு தெரிந்த ஒரு குச்சி படத்தில் இருக்க வேண்டும். தகட்டின் வளைவுகள் அழகாக வந்தன. பளபளக்கும் கண்ணாடியும் மெல்லிய கைப்பிடிக் கம்பிகளும் வெறும் குழம்பாகத்தான் வந்தன. கம்பிகளைப் பற்றிக் கவலையில்லை, அவற்றுக்குச் சட்டமே இருக்கிறது. 1911-ல் மத்திய அரசு வகுத்த பாதுகாப்பு அளவுகளின்படி கைப்பிடிக் கம்பி 5/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சுவரிலிருந்து குறைந்தது 2 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். மாதிரியில் 0.33 மி.மீ. பித்தளைக் கம்பி. நான் ஓ அளவைத் (O, அதாவது 1:48) தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எச்.ஓ.வில் இதே கம்பி 0.18 மி.மீ. ஆக வேண்டும்; விரல் பட்டால் வளைந்துவிடும் என்று எல்லோரும் தடித்த கம்பியைப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

(ஓ அளவிலும் ஒரு பழைய பாவம் உண்டு. அமெரிக்க ஓ தண்டவாள அகலம் 1¼ அங்குலம். 1:48-ல் கணக்குப் போட்டால் அது 5 அடி அகலப் பாதை. ரஷ்யாவுக்குப் பொருந்தும், பென்சில்வேனியாவுக்குப் பொருந்தாது. ப்ரோட்டோ:48 என்ற பிரிவினர் அதை 29.9 மி.மீ.க்குக் குறைத்துத் திருத்தியிருக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி.)

கண்ணாடியில் ஒரு தேதி

வண்டியின் ஒரு பக்கத்தில் வட்ட ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மறுபக்கத்தில் சில ஜன்னல்களை எஃகுத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். பார்த்தவுடன் மனம் ஒரு கதை கட்டும்: 1942-லேயே இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்ததோ என்று.

திறந்திருந்த ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில், அழுக்கைத் துடைத்தபோது, சிறிய எழுத்தில் எஃப்.ஆர்.ஏ. டைப் 2 என்ற முத்திரை தெரிந்தது. கதை அங்கேயே முடிந்தது. எஃப்.ஆர்.ஏ. என்பது அமெரிக்க அரசின் மத்திய ரயில்ரோடு நிர்வாகம், முத்திரை அதன் கண்ணாடி விதியைச் சேர்ந்தது. அந்த விதி 1979 டிசம்பர் கடைசியில் வெளியானது. ரயில்கள்மேல் கல்லெறிவதும் துப்பாக்கியால் சுடுவதும் பெருகியதால் எஞ்சின், பயணிகள் பெட்டி, கபூஸ் எல்லாவற்றுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயமானது. பக்கவாட்டு ஜன்னலுக்கு டைப் 2, முன்னோக்கிய ஜன்னலுக்கு டைப் 1. 24 பவுண்டு சிமெண்டுக் கல்லையும் .22 துப்பாக்கிக் குண்டையும் அடித்துச் சோதிப்பார்கள். கண்ணாடியில் வகையை நிரந்தரமாகப் பொறிக்க வேண்டும் என்பதும் விதியிலேயே உண்டு. மாதிரி செய்பவனுக்கு அது பெரிய உபகாரம்.

விலையுயர்ந்த புதுக் கண்ணாடி போடுவதைவிட ஜன்னலையே அடைத்துவிடுவது கம்பெனிகளுக்கு மலிவு. எனவே தகடும் கண்ணாடியும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள், இரண்டுமே கான்ரெயில் காலத்தவை. அருங்காட்சியகத்தில் உதவிக்கு வரும் ஓய்வுபெற்ற பிரேக்மேன் ஒருவர் இதை உறுதி செய்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜன்னல்கள் திறந்திருந்தன, பிறகு ஒவ்வொன்றாக மூடின, உள்ளே பகலிலும் இருட்டு என்று கசப்போடு சொன்னார். அவர் நினைவு கான்ரெயில் வருடங்களுக்குத் தங்கம். 1950களைப் பற்றி அவரிடம் கேட்பது நியாயமில்லை, அப்போது அவர் பள்ளிப் பையன்.

நிறத்துக்கு அடியில்

இப்போது வண்டியில் சிவப்புப் பூச்சு, பென்சில்வேனியாவின் கீஸ்டோன் (வளைவின் உச்சிக்கல் வடிவ) சின்னம், ஆறு இலக்க எண். எண் என்5சி வரிசைக்குள்தான் வருகிறது. பெரும்பாலானோர் இதோடு நிறுத்திக்கொண்டு டெக்கால் (மாதிரியில் ஒட்டும் எழுத்துத் தாள்) வாங்கப் போய்விடுவார்கள். ஆனால் எண் என்பது எழுத்து, எழுத்து என்பது மாற்ற எளிதானது.

அனுமதி வாங்கி இரண்டு சோதனை செய்தேன். முதலாவது, கதவு மடிப்பின் பின்னால் கண்ணில் படாத இடத்தில், நாணயம் அளவுக்கு மெல்லிய உப்புத்தாளால் ஈரமாகத் தேய்ப்பது. நடுவில் உலோகம் தெரியும் வரை சரிவாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். ஈயப் பூச்சு என்பதால் முகமூடியும் கையுறையும் கட்டாயம், தேய்த்த தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து உள்ளே: அருங்காட்சியகச் சிவப்பு, கான்ரெயில் நீலம், அதன்கீழ் அடுக்கடுக்காகச் செம்மண் நிறத்துப் பழுப்பு. பென் சென்ட்ரலின் பச்சையைக் காணவில்லை. திவாலான கம்பெனி எல்லா வண்டிகளையும் முழுசாக வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கவில்லை. இந்த வண்டி அந்த எட்டு வருடமும் பழைய சட்டையோடே ஓடியிருக்கிறது.

இரண்டாவது சோதனைக்கு வேண்டியது ஒரு டார்ச்சும் இருட்டும்தான். சுவரோடு ஒட்டி டார்ச்சைப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்வாக ஓடவிட்டால், பழைய எழுத்துகளின் தடித்த ஓரங்கள் நிழல் விடும். எத்தனை பூச்சு மேலே இருந்தாலும் அந்த மேடு மறைவதில்லை. எண் இருந்த இடத்தில் ஒரு நீள்சதுரத் திட்டு தெரிந்தது. பழைய எண்ணை மட்டும் மூடி மேலே புதியது எழுதியிருக்கிறார்கள், பென் சென்ட்ரல் காலத்து ஒட்டுவேலை. அதற்குள் ஐந்து இலக்க எண்ணின் சில உருவங்கள்.

ஐந்து இலக்க எண்ணிலிருந்து ஆறு இலக்கத்துக்குக் கணக்குப் போட்டுப் போக முடியாது, பட்டியல் வேண்டும். ஆனால் அதற்குள் வண்டியே பேசிவிட்டது. உள்ளே, முனைக் கதவுக்கு மேலே, பூச்சு உரிந்த இடத்தில் ஸ்டென்சில் எழுத்தின் கடைசி மூன்று இலக்கங்கள் தெரிந்தன. மூன்றுதானா என்று உதவியாளர் சலித்துக்கொண்டார். போதும் என்றேன். வரிசை 477820-ல் தொடங்கி 478019-ல் முடிகிறது. கடைசி மூன்று இலக்கம் 820-லிருந்து 999 வரை இருந்தால் முன்னால் 477, 000-லிருந்து 019 வரை இருந்தால் 478. ஒரே மூன்று இலக்கம் இரண்டு வண்டிக்கு வரவே முடியாது. வெளியே எழுதியிருந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் வேறு. பிறகு வரலாற்றுச் சங்கத்தின் பட்டியலில் பார்த்தபோது ஐந்து இலக்க எண்ணும் உள்ளே கிடைத்த எண்ணுக்கே போய்ச் சேர்ந்தது.

அதாவது வெளியே எழுதியிருப்பது இந்த வண்டியின் எண் இல்லை.

தாள்

பென்சில்வேனியா ரயில்ரோடு காகிதத்தைப் பெருமளவில் விட்டுவிட்டுப் போன கம்பெனி. ஹாரிஸ்பர்க்கில் மாநில ஆவணக் காப்பகத்தில் பென் சென்ட்ரல் தொகுப்பு என்ற பெயரில் ஒரு பெரும் பகுதி, டெலவேரில் வில்மிங்டன் அருகே ஹேக்லி நூலகத்தில் இன்னொரு பகுதி, ஸ்ட்ராஸ்பர்க்கில் மாநில ரயில் அருங்காட்சியகத்தில் மற்றொரு பகுதி. தேடுபவர் ஒன்று தெரிந்துகொண்டு போக வேண்டும்: இந்தக் கம்பெனியின் பட்டியல்களில் கபூஸ் என்று தேடினால் கிடைக்காது, கேபின் கார் என்று தேட வேண்டும்.

கிடைக்கும் வரைபடங்கள் இரண்டு ரகம். ஒன்று வகைத் தாள்: ஒரே பக்கத்தில் வண்டியின் உருவமும் முக்கிய அளவுகளும். எடையும் நீளமும் அறிய நல்லது, அதை வைத்து மாதிரி செய்தால் ஜன்னல் எங்கோ போய் நிற்கும். அது நிர்வாகத்துக்காக வரைந்தது, கொல்லனுக்காக அல்ல. இன்னொன்று பணிமனை வரைபடம்: ஒவ்வொரு தகடும், ஒவ்வொரு ரிவெட்டு இடைவெளியும். இதன் ஓரத்தில் திருத்தக் கட்டம் இருக்கும். தேதி, என்ன மாற்றினார்கள், யார் கையெழுத்து. என்னைக் கேட்டால் நடுவில் உள்ள படத்தைவிட அந்த ஓரம்தான் சுவையானது. ஒரு கைப்பிடி இடம் மாறியது, ஒரு விளக்குத் தாங்கி சேர்ந்தது என்று வண்டியின் வாழ்க்கை அங்கே துளித்துளியாக எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் தாளுக்கும் ஒரு குறை உண்டு. திருத்தம் என்பது உத்தரவு. 200 வண்டியும் அன்றே பணிமனைக்கு வந்து வரிசையில் நிற்பதில்லை. ஒன்று அடுத்த மாதம் வரும், ஒன்று ஐந்து வருடம் கழித்து வரும், ஒன்று வராமலே போய்விடும். இந்தக் குறிப்பிட்ட வண்டியில் அது நடந்ததா என்று தாளுக்குத் தெரியாது.

ஒரு போட்டோ, ஒரு பொய்த் தேதி

சரியான எண் தெரிந்த பிறகு தேடல் எளிதானது. ஒரு சேகரிப்பாளரின் தொகுப்பில் அதே எண்ணோடு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. பின்பக்கத்தில் பென்சிலால் 1953 என்று எழுதியிருந்தது.

படத்தில் வண்டியின் கீஸ்டோன் சின்னம் நிழல் போட்டதுபோல வரையப்பட்டிருக்கிறது. அந்தச் சின்னத்தை ரயில்ரோடு சரக்கு வண்டிகளில் போடத் தொடங்கியது 1954-ல். அதற்கு முன்னால் வட்டத்துக்குள் கீஸ்டோன். எனவே பென்சில் தேதி பொய். யாரோ பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் எல்லை 1954 என்றால் அந்தப் பக்கம்? படத்தின் ஓரத்தில், ஒரு மரத்துக்குப் பின்னால், நீராவி எஞ்சின் ஒன்று புகைவிட்டுக்கொண்டு நிற்கிறது. பென்சில்வேனியா ரயில்ரோடு 1957 நவம்பரோடு நீராவியை முடித்துக்கொண்டது. ஆக இந்தப் படம் 1954-க்கும் 1957-க்கும் நடுவில் எடுக்கப்பட்டது. என் மாதிரியின் வருடம் 1956 என்று அப்போதுதான் முடிவு செய்தேன். படத்தில் வேறு எதுவும் அதோடு முரண்படவில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்டி கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிறது. அதை வைத்துக் கறுப்புப் பூசிவிடக் கூடாது. சிவப்பைச் சரியாக உணராத படச்சுருள் சிவப்பைக் கருமையாக்கிக் காட்டும். நிறத்துக்கு நாணயம் அளவு தேய்த்த அந்த வளையமே சாட்சி, அதிலும் வெயில் படாத அடி அடுக்கு.

படத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பொக்கிஷம் கூரைமேல் இருந்தது. குட்டையான தாங்கிகளின் மேல் கூரை நெடுக ஓடும் கம்பி, பார்த்தால் கைப்பிடிக் கிராதி என்று தோன்றும். அது டிரெயின்ஃபோன் ஆன்டெனா. ரேடியோ அல்ல. தண்டவாளத்திலும் பாதையோரத் தந்திக் கம்பிகளிலும் மின்தூண்டல் மூலம் குரலை ஏற்றி அனுப்பும் முறை. யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் கம்பெனியோடு சேர்ந்து பென்சில்வேனியா ரயில்ரோடு 1940களில் பெல்விடியர்–டெலவேர் கிளையில் சோதித்துப் பார்த்து, பிறகு முக்கியப் பாதைகளில் பரப்பியது. அதற்கு முன்னால் ஒரு மைல் நீள ரயிலின் தலையும் வாலும் பேசிக்கொள்ள விசிலும் கைவிளக்கும்தான். டிரெயின்ஃபோன் வந்ததும் கண்டக்டர் கூண்டில் உட்கார்ந்தபடியே எஞ்சின் டிரைவரிடம் அச்சு புகைகிறது, நிறுத்து என்று சொல்ல முடிந்தது. 1960களில் சாதாரண ரேடியோ அதன் இடத்தைப் பிடித்தது, கம்பிகள் கழன்றன.

இன்றைய வண்டியின் கூரையில் அந்த ஆன்டெனா இல்லை. ஆனால் ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், தாங்கிகள் நின்ற இடங்களில் வெல்டு வைத்து அடைத்த சிறு திட்டுகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றின் இடைவெளியை அளந்தேன். போட்டோவில் சக்கரத்தின் 33 அங்குலத்தை அளவுகோலாக வைத்துக் கணித்த இடைவெளியோடு அது ஒத்துப்போனது. வண்டிக்கு அடியில், சக்கர அச்சிலிருந்து மின்சாரம் எடுத்த டைனமோவின் தாங்கி மட்டும் பாதி வெட்டிய நிலையில் மிச்சம் இருக்கிறது. வண்டியும் போட்டோவும் ஒரே அளவைச் சொன்ன இடம் இது.

மாதிரியில்

உடல் அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகடு. வட்ட ஜன்னல் சட்டங்களை ரெசினில் அச்சிட்டேன். எல்லாமும் ஒரே அளவு, ஒரே வட்டம், கையால் வெட்டினால் கோணல் உடனே காட்டிக்கொடுக்கும். ரிவெட்டுத் தலைகள் ரெசின் புள்ளிகள் கொண்ட டெக்கால் தாளிலிருந்து. ஆன்டெனாவைப் பித்தளையில் பற்றவைத்துக் கடைசியாகத்தான் மாட்டினேன், முன்னாலேயே மாட்டினால் பிடித்துத் தூக்க இடமே இல்லை.

அடைபட்ட ஜன்னல்கள் திறந்தன, முத்திரைக் கண்ணாடி போய்ச் சாதாரணக் கண்ணாடி வந்தது. உள்ளே இப்போது அடுப்பில்லாமல் தரையில் போல்ட்டுத் துளைகள் மட்டும் இருக்கின்றன. பணிமனை வரைபடத்தில் அடுப்பு அங்கேதான் இருக்கிறது, கூரையில் புகைக்குழாய்த் துளையும் நேர் மேலே. அதனால் கரி அடுப்பையும் கரித் தொட்டியையும் துணிந்து வைத்தேன். படுக்கை மெத்தைகளின் நிறத்துக்குச் சாட்சி இல்லை. மங்கலான பழுப்பு போட்டேன், கூரையைக் கழற்றினால்தான் தெரியும்.

அழுக்கு பூசுவதில் அருங்காட்சியக வண்டியைப் பார்க்கவே கூடாது. அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. 1956-ல் நீராவி எஞ்சினோடு உழைத்த கபூஸில் புகைக்குழாயைச் சுற்றிக் கரி, படிகளின் நடுவில் பூட்ஸ் தேய்த்துப் பளபளக்கும் இரும்பு, கைப்பிடிகளில் எண்ணெய்க் கறை, கீழே பிரேக் தூசி எல்லாம் இருக்கும். போட்டோவில் ஒரு பக்கம்தான் தெரிகிறது. மறுபக்கத்துக்கு அதே வகையின் வேறு வண்டிகளின் படங்களைப் பார்த்து, அவற்றில் பொதுவாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எண் விஷயத்தைக் கோப்பாக எழுதி, டார்ச் வெளிச்சப் படங்களோடு அருங்காட்சியகத்திடம் கொடுத்தேன். அவர்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். வண்ணம் தீட்டப் பணம் கொடுத்தவரின் அப்பா அந்தக் கம்பெனியில் கண்டக்டர். அவர் வேலை பார்த்த வண்டியின் எண்ணைப் போட வேண்டும் என்பது மட்டும்தான் மகனின் நிபந்தனை. அந்த அசல் வண்டி எப்போதோ இரும்புக்கடைக்குப் போய்விட்டது. வெளியில் உள்ள எண்ணை மாற்றப்போவதில்லை என்று தீர்மானித்திருக்கிறார்கள். உள்ளே கதவுக்கு மேலே அந்த மூன்று இலக்கங்களை அப்படியே விட்டு, பக்கத்தில் விளக்க அட்டை வைப்பார்களாம். என் மாதிரியின் வெளியே அந்த மூன்று இலக்கங்களில் முடியும் எண்தான் இருக்கிறது.